லாரன்ஸ் ரோட்டில் பூட்டிக் கிடக்கும் மனைகள்

கடலூர் திருப்பாப்புலியூர் லாரன்ஸ் ரோட்டில் கடைகளுக்கு முன்னால் கூட்டம் நெரியும். பின்னால் போய்ப் பார்த்தால் ஓடு சரிந்த பழைய வீடு, பாகம் பிரியாமல் பூட்டிய கதவு. ரயில் நிலையம் நடக்கிற தூரம்தான். இங்கே ஆள் குடியிருக்காமல் ஊருக்கு வெளியே வயலை மனை போடுவது எனக்கு மனசு ஆறவில்லை.

அப்படி ஒரு மனைக்கு இப்போது பிளான் போடுகிறேன். 18 அடி அகலம், 90 அடி நீளம், இரண்டு பக்கமும் அடுத்தவர் சுவர். முன்கடை இருக்கட்டும், பின்னால் சின்னதாக ஆறு வீடு. மணலும் ஜல்லியும் மாதக்கணக்கில் ரோட்டில் கிடந்தால் கடைக்காரர்கள் பிழைப்பு என்ன ஆவது? அதனால் ப்ரீகாஸ்ட்: கான்கிரீட் பாகங்களை வேறு இடத்தில் வார்த்து, இங்கே கொண்டுவந்து பூட்டுவது. முழு அறையையே பெட்டியாக வார்த்துக் கொண்டுவர முடியாது. லாரி அகலம் 2.6 மீட்டர்தான், சுவர்க் கனம் போனால் உள்ளே எட்டடிகூடத் தேறாது. சுவரைப் பலகை பலகையாகத்தான் இரவில் இறக்க வேண்டும்.

மனைக்காரப் பெரியவர் கேட்டார்: "தம்பி, தானே புயல் மாதிரி ஒண்ணு அடிச்சா பறந்துடாதா?" 2011-ஐப் பார்த்த யாரும் கேட்பார்கள். ஐந்தடிக்குப் பத்தடி, ஆறு அங்குலக் கனம்: ஒரு பலகையே ஒன்றே முக்கால் டன் வரும் ஐயா, பறக்காது என்றேன். எனக்குக் கவலை இணைப்புகள்தான். வெறும் பசையை நம்பினால் வெயிலில் காய்ந்து வெடித்துவிடும். மேல் பலகையின் அடிவிளிம்பு கீழ்ப் பலகையின் மேல் உதடு மாதிரி இறங்கி, சாரலை வெளியே தள்ள வேண்டும். பசை அதற்கு அப்புறம்தான். உப்புக்காற்றுக்குக் கம்பிமேல் 45 மி.மீ. கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட் கனம்; கான்கிரீட்டும் எம்30 என்ற வலுத் தரம். இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

சென்னை பெரும்பாக்கத்தில் 1152 வீடுகளை ப்ரீகாஸ்டில் எழுப்பினார்கள். அங்கே பலகை வார்க்கும் அச்சின் செலவு அத்தனை வீட்டுக்கும் பரவிவிடும். ஆறு வீட்டுக்குக் கட்டுப்படியாகாது. பத்து மனைக்காரர்கள் ஒரே அச்சைப் பயன்படுத்தினால்தான் வழி. ஆனால் ஒரு மனை 16 அடி, அடுத்தது 20. சரி, அறை எல்லா மனையிலும் 10 அடிதான். மிச்சம் ஆறோ பத்தோ, தாழ்வாரமும் திறந்த முற்றமுமாகப் போகட்டும். ஒவ்வொரு அறையும் அந்தப் பக்கம் திறக்கும். பக்கத்துச் சுவரில் ஜன்னல் வைக்க முடியாத இடத்தில் வெளிச்சம் வர வேறு வழியும் கிடையாது.

அந்த ரோட்டில் மனை வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பாகம் பிரிக்கும்போது நீளவாக்கில் கோடு போட்டுவிடாதீர்கள். ஆளுக்கு ஒன்பதடி வந்தால் அறையும் வராது, முற்றமும் வராது. வீட்டுக் கணக்கில் பங்கு எழுதிக்கொள்ளுங்கள்.