சூலம் பார்த்து முதுமலைக்கு

காவிரிப் பாசனத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மேடு என்றால் ஆற்றங்கரை, மலை என்றால் ரயில்வே மேம்பாலம். அப்படிப்பட்ட தஞ்சாவூர்க் குடும்பம் ஒன்று, கோடை விடுமுறையில் சொந்த வண்டியிலேயே முதுமலைத் தேசியப் பூங்காவுக்குப் போவது என்று தீர்மானித்தால் என்னென்ன நடக்குமோ, அவை அனைத்தும் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தன. நீலகிரியில் நுழைவதற்கென்று அரசு சில விதிகளை வைத்திருக்கிறது, காட்டுக்கென்று வனத்துறை சில விதிகளை வைத்திருக்கிறது, எங்கள் அத்தையிடமோ இவ்விரண்டுக்கும் மூத்த விதிகள் இருக்கின்றன. இம்மூன்றையும் ஒரே வண்டியில் ஏற்றுவதுதான் ஏற்பாடு என்று பெயர் பெற்றது.

பயணக் குழுவின் தலைவர் பெரியப்பா. சார்பதிவாளராக இருந்து ஓய்வுபெற்றவர் ஆகையால், பேச்சு தொடங்கிய அன்றே ஒரு கோப்பைத் திறந்து, அதன் மேல் ‘நீலகிரி’ என்று எழுதி, நூல் கட்டிவிட்டார். அதில் முதலில் சேர்ந்த தாள், முதுமலையைப் பற்றி அவர் கைப்படத் தயாரித்த குறிப்பு. 1940-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, 2007-இல் புலிகள் காப்பகமானது, மையப் பகுதியின் பரப்பு 321 சதுர கிலோமீட்டர் என்பன அதில் இருந்தன. எத்தனை ஏக்கர் என்று சித்தப்பா கேட்டது கேலிக்குத்தான், ஆனால் பெரியப்பா அதையும் கணக்கிட்டு ஓரத்தில் எழுதிக் கையெழுத்திட்டார்.

நாள் குறிப்பதில்தான் முதல் முட்டுக்கட்டை விழுந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்குச் செல்லும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம் என்பதும், கோடைக்காலத்தில் வார நாட்களில் 6000 வண்டிகள், வார இறுதியில் 8000 வண்டிகள் என்று 2025-இல் உச்சவரம்பும் வைக்கப்பட்டது என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே கூட்டம் குறைந்த நாளாகப் பார்ப்போம் என்றேன். அத்தை காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தார். வெள்ளியும் ஞாயிறும் மேற்கே சூலம், போகக் கூடாது. செவ்வாயும் புதனும் வடக்கே சூலம். நாம் மேற்கேதானே போகிறோம், வடக்குச் சூலம் நம்மை என்ன செய்யும் என்று சித்தப்பா கேட்டபோது, கைபேசியில் வரைபடத்தைத் திறந்துகாட்டி, முதுமலை தஞ்சாவூருக்கு வடமேற்கில் இருப்பதை நிறுவியவரும் அத்தைதான். கூகுள் மேப்பை இப்படி ஒரு காரியத்துக்குப் பயன்படுத்தியவர் உலகில் வேறு எவரும் இருக்க முடியாது. மிஞ்சிய திங்கள், வியாழன், சனி ஆகிய மூன்றில், முதுமலைக்குள் இருக்கும் தெப்பக்காட்டில் வனத்துறை விடுதி எந்த நாளில் கிடைக்கிறதோ அந்த நாளே சுபநாள் என்று பெரியப்பா தீர்ப்பளிக்க, வியாழக்கிழமை கிடைத்தது. திரும்பி வரும்போது சூலம் பார்க்க வேண்டியதில்லையாம். விடுதியில் மேற்கொண்டு அறை கிடைக்காது என்பது தெரிந்த பிறகே இந்த விதிவிலக்கு அறிவிக்கப்பட்டது என்பதையும் பதிவுசெய்ய வேண்டும்.

இ-பாஸ் எடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வண்டி எண், எத்தனை பேர், எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள் என்று இணையதளம் கேட்டவற்றுக்கெல்லாம் பதில் கொடுத்ததும் சில நிமிடங்களில், ஒரு பைசா கட்டணமில்லாமல், அனுமதி என் கைபேசிக்கு வந்துவிட்டது. இதைப் பெரியப்பாவால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. இரண்டு முறையாவது அலையாமல் கையில் வந்து சேரும் அரசு ஆவணம் செல்லுபடியாகுமா என்ற ஐயம் அவரை இரவு முழுவதும் வாட்டியது. விடிந்ததும் அச்சகத்துக்குப் போய் மூன்று படிகள் எடுத்து, மூன்றையும் லேமினேஷன் செய்து, கோப்பில் சேர்த்த பிறகே காபி குடித்தார்.

வழியைப் பற்றிய விவாதம் அதைவிடப் பெரியது. திருச்சி, கரூர், காங்கேயம், அவிநாசி வழியாக மேட்டுப்பாளையம் வரையில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஊட்டிக்கு அப்பால்தான் சிக்கல். சித்தப்பாவின் மகன் காணொளிகளைப் பார்த்துப் பார்த்து, 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டி மலைப்பாதையில் இறங்கி மசினகுடி வழியாகப் போனால்தான் அது பயணம் என்று சாதித்தான். செங்குத்தான அந்தப் பாதையில் பிரேக் சூடேறிச் செயலிழந்து விபத்துகள் நேர்ந்ததால், வெளியூர் வண்டிகள் கீழ்நோக்கி இறங்க அங்கே அனுமதி இல்லை. நீலகிரிப் பதிவெண்ணான டி.என். 43 இருந்தால் சரி, எங்களுடையது தஞ்சாவூர்ப் பதிவு. எனவே பைக்காரா, நடுவட்டம், கூடலூர் என்று ஏறக்குறைய இரு மடங்கு தூரம் சுற்றித்தான் தெப்பக்காட்டை அடைய வேண்டும். பையன் இரண்டு நாட்கள் யாருடனும் பேசவில்லை. தஞ்சாவூர் வண்டிக்கு நீலகிரி எண் வாங்குவது எப்படி என்று பெரியப்பாவிடம் இரகசியமாக விசாரித்ததாகவும், அவர் அதற்குரிய படிவங்களை உண்மையாகவே பட்டியலிட்டதாகவும் பின்னர் தெரியவந்தது.

எங்கள் வீட்டில் நெடும்பயணம் என்றால் இரவுப் பயணம் என்பது எழுதப்படாத சட்டம். வெயில் இருக்காது, சாலை காலியாக இருக்கும், பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். ஆகவே இரவு சாப்பாட்டுக்குப் பின் புறப்பட்டு விடிவதற்குள் காட்டுக்குள் போய்ச் சேர்வதாகத்தான் பெரியப்பாவின் முதல் திட்டம் இருந்தது. காடு இரவு 9 மணிக்குக் கதவடைத்துவிட்டுக் காலை 6 மணிக்குத்தான் திறக்கும் என்றேன். முதுமலையை ஒட்டிய கர்நாடகத்தின் பந்திப்பூர்ப் பக்கம் 2009-லிருந்தே இந்த இரவுத் தடை இருக்கிறது. கூடலூரைத் தாண்டி முதுமலைக்குள் நுழையும் தொரப்பள்ளிச் சோதனைச் சாவடியிலும் இதே கட்டுப்பாடுதான், ஆம்புலன்ஸ் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. இருட்டில் சாலையைக் கடக்கும் மானும் யானையும் வண்டியில் அடிபட்டுச் சாகின்றன என்ற காரணத்தைச் சொன்னதும் எல்லோரும் அமைதியாக ஏற்றுக்கொண்டார்கள். அதிகாலை 3 மணிக்குக் கிளம்புவது என்று முடிவாயிற்று. குருவார இராகுகாலம் பகல் ஒன்றரை மணிக்குத்தான் என்பதால் அத்தை தரப்பில் ஆட்சேபணை எழவில்லை.

ஓட்டுநர் பொறுப்பு சித்தப்பாவுடையது. நாற்பது ஆண்டுகளாக வண்டி ஓட்டுகிறார், ஆனால் எல்லாம் சமவெளியில். வண்டியைச் சோதித்த மெக்கானிக், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையில் மட்டும் 14 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு, ஏறி வருகிற வண்டிக்கு வழிவிட வேண்டும், இறங்கும்போது பிரேக்கிலேயே காலை வைத்திருக்காமல் இரண்டாம் கியரில் போட்டு எஞ்சினே வண்டியைப் பிடிக்கும்படி விட வேண்டும், மேட்டில் நின்று கிளம்பும்போது ஹேண்ட்பிரேக்கை மெல்ல விடுவிக்க வேண்டும் என்று பாடம் நடத்தி அனுப்பிவிட்டார். பயிற்சிக்கு மலை வேண்டுமே. சித்தப்பா விடியற்காலையில் மேரீஸ் கார்னர் மேம்பாலத்துக்குப் போய், ஏற்றத்தின் நடுவில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, மறுபடி கிளம்பி, மறுபடி நிறுத்திக்கொண்டிருந்தார். வண்டி பழுதாகிவிட்டது என்று நினைத்த நல்லவர்கள் சிலர், பால்காரர் உட்பட, பின்னாலிருந்து தள்ளத் தொடங்கிவிட்டார்கள். உதவியை மறுக்கவும் கூச்சப்பட்டு, உண்மையைச் சொல்லவும் கூச்சப்பட்டு, உச்சிவரை தள்ளவிட்டு நன்றி சொல்லிவிட்டு இறங்கிப் போனாராம். மறுநாள் முதல் இன்னும் அரை மணி நேரம் முன்னதாகவே போனார்.

இவை எல்லாவற்றையும்விட வீட்டை உலுக்கியது பிளாஸ்டிக் தடைதான். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்கும் சிறிய தண்ணீர் பாட்டில்களுக்கும் அனுமதி இல்லை, எல்லையிலேயே பையைத் திறந்து பார்ப்பார்கள் என்றதும் சமையலறையில் ஒரு கணம் சத்தமே இல்லை. புளியோதரை எதில், தயிர்ச்சாதம் எதில், தண்ணீர் எதில் என்ற கேள்விகளுக்கு விடையாகப் பரண் இறங்கியது. பாட்டி காலத்துக் கூஜா, நான்கடுக்குத் தூக்கு, எவர்சில்வர் சம்புடங்கள் என்று திண்ணை நிறைந்தது. குடிநீர் பிடித்துக்கொள்ள வழியெங்கும் நீலகிரியில் தண்ணீர் ஏ.டி.எம்.கள் உள்ளன என்று நான் சொன்னது, பணம் போட்டால் தண்ணீர் வருமா, தண்ணீர் போட்டால் பணம் வருமா என்ற சித்தியின் ஒரே கேள்வியில் அடிபட்டுப்போனது. ஏழு பேர் உட்காரும் வண்டியில் ஏழு பேரும் உட்கார்ந்தால் பின்னால் சாமான் வைக்க ஒரு சாண்தான் மிஞ்சும் என்ற உண்மை, பாத்திரங்களை ஏற்றத் தொடங்கிய பிறகே எல்லோருக்கும் புலப்பட்டது.

அடுத்து, வெளிப்படையாகப் பேசக் கூச்சப்படுகிற பொருள் ஒன்று: வாந்தி. வளைவுகளில் பிள்ளைகளுக்குக் குமட்டும், கையில் எப்போதும் வைத்திருக்கும் பாலிதீன் கவர் இனி இல்லை. மஞ்சப்பையைக் கொண்டுபோகலாம் என்ற யோசனை, அதன் நெசவைக் கருதிக் கைவிடப்பட்டது. கூஜாவைத் தொடக் கூடாது என்று அத்தை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இறுதியில் மூடி போட்ட பழைய பெயின்ட் வாளி தேர்வாயிற்று. அதுவும் பிளாஸ்டிக்தானே என்று பெரியப்பா கேட்டார். ஒருமுறை பயன்படுத்தி எறிவதுதான் தடை, இது வீட்டுக்கு வெள்ளையடித்த காலத்திலிருந்து பயன்பாட்டில் இருக்கிறது என்ற சித்தியின் வாதம் ஏற்கப்பட்டு, கோப்பிலும் குறிக்கப்பட்டது.

அத்தைக்கு யானை என்றால் கும்பகோணம் ஆதிகும்பேசுவரர் கோயில் மங்களம். ஆகையால் சில்லறை எவ்வளவு மாற்றி வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டார். காட்டு யானை காசு வாங்கி ஆசி வழங்காது, அதை வழியில் கண்டால் வண்டியை நிறுத்தவோ, இறங்கவோ, ஹாரன் அடிக்கவோ, பழம் நீட்டவோ கூடாது என்று பொறுமையாக விளக்கினேன். வாங்கி வைத்திருந்த பூவன்தார் வேதனையோடு எங்களுக்கே பிரித்துக் கொடுக்கப்பட்டது. தெப்பக்காட்டு முகாமில் வளர்ப்பு யானைகளுக்குக் கேழ்வரகும் கொள்ளும் வெல்லமும் சேர்த்துப் பெரிய உருண்டைகளாகப் பிடித்து ஊட்டுவார்கள், அதை நின்று பார்க்கலாம் என்ற செய்தி அவருக்கு ஓரளவு ஆறுதல் அளித்தது. கண்ணைப் பறிக்கும் நிறங்கள் வேண்டாம், மங்கலான உடையாக எடுங்கள் என்றபோது ஒருவழியாக இணங்கிவிட்டார். ஆனால் தலையில் மல்லிகை வேண்டாம், வாசனைக்கு யானை வந்துவிடும் என்று சித்தப்பா பயமுறுத்தியபோது அவர் கேட்ட கேள்விக்கு இதுவரை எங்களில் எவருக்கும் விடை தெரியாது: “வரணும்னுதானேடா இவ்வளவு செலவு பண்ணிப் போறோம்?”

வியாழக்கிழமை சொன்ன நேரத்துக்குக் கிளம்பினோம் என்றால் நம்ப மாட்டீர்கள், கிளம்பவும் இல்லை. இருந்தாலும் இராகுகாலம் பிடிப்பதற்கு முன்பே மேட்டுப்பாளையத்தைக் கடந்து கல்லாறு சோதனைச் சாவடியில், ஏறுமுகமாக நின்ற வண்டி வரிசையில் சேர்ந்துவிட்டோம். அலுவலர் என் கைபேசியில் இருந்த கியூ.ஆர். குறியீட்டை ஒரு நொடியில் சரிபார்த்துவிட்டு, பிளாஸ்டிக் ஏதும் உண்டா என்று கேட்டார். பின்கதவைத் திறந்து பாத்திரங்களைப் பார்த்தவர், நீங்கள் சமையல் கான்ட்ராக்டரா என்று வினவினார். அதற்குள் பெரியப்பா கோப்போடு கீழே இறங்கியிருந்தார். நூலை அவிழ்த்து, மூன்று லேமினேஷன் தாள்களையும் எடுத்து நீட்டி, இவையும் நெகிழி வகையில் சேருமா, சேருமெனில் இங்கேயே ஒப்படைத்துவிடச் சித்தமாக இருக்கிறேன் என்று தெரிவித்தார். பின்னாலிருந்து ஹாரன்கள் முழங்கத் தொடங்கின. அதெல்லாம் சேராதுங்க ஐயா, வண்டியை எடுக்கச் சொல்லுங்க என்றார் அலுவலர். அதை எழுத்துமூலமாகத் தர இயலுமா என்று பெரியப்பா கேட்டுக்கொண்டிருந்த வேளையில், வண்டியை எடுக்கச் சொன்னது மட்டும் காதில் விழுந்த சித்தப்பா, ஹேண்ட்பிரேக்கை மெல்ல விடுவித்து, ஓர் அங்குலம்கூடப் பின்னால் உருளவிடாமல், மெக்கானிக்கே மெச்சும்படி மேட்டில் கிளம்பிவிட்டார். நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். பெரியப்பா இன்னும் ஏறவில்லை என்பதை முதல் வளைவில் அத்தைதான் கவனித்தார்.