மணி பிளாண்ட் இலை கிழிந்தேவிட்டது

பால்கனி மணி பிளாண்டின் புது இலை, விரியும்போதே ஓரத்திலிருந்து நடுநரம்பை நோக்கி இரண்டு பிளவுகளோடு வந்திருக்கிறது. "பூச்சி தின்றிருக்கிறது, கிள்ளி எறி" என்கிறார் அம்மா. பூச்சியில்லை; கொடி முதிர்ந்து இலை பெரிதாகும்போது தானாக விழும் பிளவு இது. மரத்தில் ஏறிய கொடியில் முறம் அளவு இலைகளைப் பார்த்து ஏங்கியவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

கொடி தொங்கினால் இலை சிறுக்கும், ஏறினால் பெருக்கும் என்பது நமக்கெல்லாம் தெரிந்த கதைதான். என் தகராறு முழுக்க, கொடியை ஏற்றத் தொட்டியில் நடும் கம்பத்தோடு. நர்சரிகளில் விற்கிறார்களே, பிவிசி குழாயின் மேல் ஒரு சுற்றுத் தேங்காய் நார், அதில் ஊற்றும் தண்ணீர் வழிந்து நேராகத் தொட்டிக்குப் போய்விடுகிறது. அதிலும் கோயம்புத்தூரில் ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்றுக்கு, காலையில் நனைத்த நார் மதியத்துக்குள் காய்ந்துவிடும். தண்டின் கணுக்களிலிருந்து வெளியே நீளும் காற்று வேர்கள் நாரைத் தொட்டதும் நுனி கருகி நின்றுவிடும். கொடி நிற்பதெல்லாம் நாம் கட்டிய நூலின் தயவில்தான். அதற்கு ஒரு மூங்கில் குச்சியே போதுமே, இவ்வளவு விலை எதற்கு?

ஆகவே கம்பத்தை நானே செய்தேன். ஹார்டுவேர் கடைப் பிளாஸ்டிக் வலையை அரைவட்டமாக வளைத்து, முதுகுப் பக்கம் கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் தகடு வைத்துக் கட்டினேன். முழுக் குழலாகச் செய்தால் நாலாபுறமும் காயும்; இதில் கொடி ஒட்டும் முகம் மட்டுமே திறந்திருக்கும். உள்ளே ஈரத்தைப் பிடித்துவைக்கும் ஸ்பேக்னம் என்ற உலர்ந்த பாசியும் தேங்காய் மட்டைச் சில்லும் சரிபாதி. முழுக்கப் பாசி என்றால் கட்டுபடியாகாது. இணையத்தில் வாங்கிய பாசிக் கட்டில் பாதி குச்சியும் தூளும்தான், அந்த எரிச்சல் தனி. சில்லு பொள்ளாச்சிப் பக்கத்துச் சரக்கு, மலிவு. ஆனால் உப்பு இருக்கும். பழுப்புத் தண்ணீர் தெளியும்வரை மாற்றி மாற்றி ஊறவைக்க வேண்டும்.

வித்தை எல்லாம் திணிப்பதில்தான். இறுக்கினால் நடுவில் ஈரம் இறங்காது. தளர்வாக விட்டால் பிறகு அமுங்கி மேலே வெற்றிடம் விழும். கைப்பிடி கைப்பிடியாகப் போட்டு, விரலால் அழுத்தினால் அமுங்கி மீள்கிற பதத்தில் நிறுத்த வேண்டும். உச்சியில் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து, மூடியில் குண்டூசியால் ஒரே ஒரு துளை. துளை பெரிதானால் தொட்டி சகதியாகி அடிவேர் அழுகும். நூல் கட்டுவது தண்டை மட்டும். கணு வலையில் அழுந்த வேண்டும், இலைக்காம்பு திரும்புவதற்கு இடம் வேண்டும்.

வேர் வலைக்குள் நுழைந்ததைத் தகட்டின் வழியே பார்க்க முடிகிறது. வெள்ளை நுனி சில்லுகளுக்கிடையில் வளைந்து வளைந்து கிளைவிட்டு, மயிரிழை வேர்களால் பாசியைப் பற்றியிருக்கிறது. அதன்பிறகு வந்த ஒவ்வோர் இலையும் முந்தையதைவிடப் பெரிது.

"இவ்வளவு பெரிதானால் பூக்குமா?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். பூக்காது. பிரெஞ்சு பொலினீசியாவின் மூரியா தீவிலிருந்து உலகமெல்லாம் பரவிய செடி இது. பூக்கத் தேவையான ஜிப்ரெலின் என்ற ஹார்மோன் இதற்குப் போதாது. இலைதான் பூ என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கொடி நுனி கம்பத்தின் உச்சிக்கு ஒரு சாண் கீழே வந்துவிட்டது. மேலே இன்னொரு துண்டைப் பொருத்துவதா, தலையை வேரோடு வெட்டிக் கீழிருந்து மறுபடி ஏற்றுவதா என்று முடிவாகவில்லை. அதற்குள், இலையில் ஓட்டை ஓட்டையாக இருக்கும் மான்ஸ்டெரா அடன்சோனி என்ற இன்னொரு கொடிக்கும் வலை வெட்டியாகிவிட்டது. செடிதான் இன்னும் வரவில்லை; ஆந்திராவின் நர்சரி ஊரான கடியத்திலிருந்து இங்குள்ள நர்சரிக்கு அடுத்த லாரி வரட்டும்.