பெரேயின் 21 நிமிடங்கள்

ஜனவரி 7

1939இல் இதே தேதியில் பாரிஸ் ரேடியம் ஆய்வகத்தில் பிரெஞ்சு வேதியியலாளர் மார்கரித் பெரே 87ஆம் தனிமத்தை (பின்னாளில் பிரான்சியம்) கண்டுபிடித்தார். தனிம அட்டவணையில் சீசியத்துக்குக் கீழே வெகுகாலம் காலியாகக் கிடந்த இடம் அது. கண்டுவிட்டோம் என்று முன்பே சிலர் அறிவித்து, வர்ஜீனியம், மால்டேவியம் என்றெல்லாம் பெயரும் சூட்டியிருந்தார்கள். எதுவும் நிலைக்கவில்லை. நிலைத்தது பெரே கண்டது. அப்போது அவரிடம் பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது.

ஜனவரி 9

எப்படிக் கண்டார் என்று இன்று நிதானமாகப் படித்தேன். ஆக்டினியம் என்ற கதிரியக்கத் தனிமத்தைத் தூய்மையாக்குவது அவருடைய அன்றாட வேலை. சுலபமான வேலையல்ல, அது ஓயாமல் சிதைந்து வேறு தனிமங்களாக மாறிக்கொண்டே இருப்பதால், பிரித்து முடிப்பதற்குள் மறுபடி கலப்பு சேர்ந்துவிடும். பெரேயின் கை அத்தனை தேர்ந்தது. தூய்மையாக்கிய கையோடு அளந்தபோது பீட்டா கதிர்வீச்சு வேகமாக ஏறுவதைக் கவனித்தார். அதற்குக் காரணமான பொருளின் அரை ஆயுள், அதாவது அதில் பாதி சிதைய ஆகும் நேரம், 21 நிமிடம் என்று கணக்கிட்டார் (இன்றைய அளவீட்டில் 22). சீசியம் உப்புகளோடு சேர்ந்து அது வீழ்படிவாகியது. ஆகவே சீசியத்தைப் போலவே ஒரு கார உலோகம். ஆக்டினியம்-227இல் நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்றே கூடுதலான அணுக்கள் மட்டும் இரண்டு புரோட்டான்கள் கொண்ட ஆல்பா துகளை உமிழ்கின்றன. ஆக்டினியத்தின் அணு எண்ணான 89இலிருந்து இரண்டு புரோட்டான்கள் போனால் 87!

கொஞ்சம் தாமதித்து அளந்திருந்தால் சிதைவில் பிறக்கும் மற்றச் சேய்த் தனிமங்களின் கதிர்வீச்சில் இது மறைந்துபோயிருக்கும். இதை அதிர்ஷ்டம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். 19 வயதில், 1929இல், மேரி கியூரியிடம் உதவியாளராகச் சேர்ந்தவர் அவர். பத்தாண்டுப் பயிற்சி அந்தக் கைகளில் இருந்தது.

ஜனவரி 10

1946இல் முனைவர் பட்டம். தனிமத்துக்குப் பிரான்சியம் என்று பெயர். 1949இல் ஸ்ட்ராஸ்பூர்கில் பேராசிரியர்.

ஜனவரி 13

மேரி கியூரியை 1911இல் பிரெஞ்சு அறிவியல் கழகம் ஏற்கவில்லை. 1666இல் தொடங்கிய அந்தக் கழகத்துக்குள் முதல் பெண்ணாகப் பெரே நுழைந்தது 1962இல். அதுவும் முழு உறுப்பினராக அல்ல, தொடர்பு உறுப்பினராக. இந்தக் கஞ்சத்தனத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அதற்குள் கதிர்வீச்சு அவர் உடலைத் தின்னத் தொடங்கியிருந்தது. புற்றுநோயைக் கண்டறியப் பிரான்சியம் உதவும் என்று நம்பியவர் 1975இல், 65 வயதில், புற்றுநோயால் இறந்தார்.

ஜனவரி 14

அந்த நம்பிக்கை பலிக்கவில்லை. அத்தனை சீக்கிரம் அழியும் பொருளை மருந்தாக்குவது கடினம். ஆனால் 1990களில் அமெரிக்காவின் ஸ்டோனி புரூக்கில் பிரான்சியம் அணுக்களை லேசரால் பிடித்து நிறுத்தினார்கள். பெரிய அணு, எளிய எலக்ட்ரான் அமைப்பு: அணுவுக்குள் மென்விசை (பீட்டா சிதைவுக்குக் காரணமான அடிப்படை விசை) எப்படிச் செயல்படுகிறது என்று சோதிக்க இயற்பியலாளர்கள் இன்றும் அதைத்தான் நாடுகிறார்கள்.