ஒரு நாளைக்கு ஒரு கேள்வி, ஆளுக்கு ஒரு பாட்டு

2025 ஜனவரி 9, வியாழக்கிழமை. பாடகர் ஜெயச்சந்திரன் திருச்சூரில் காலமான செய்தி வந்த இரவு, எங்கள் ஐந்து பேர் வாட்ஸப் குழுவில் கோவைக்காரி 'ராசாத்தி உன்ன' பாட்டைப் போட்டாள். கீழே ஒரு வரிகூட எழுதவில்லை. ஐந்து நிமிடத்தில் மஸ்கட்டில் இருப்பவள் 'வசந்த கால நதிகளிலே' போட்டாள். தஞ்சாவூர்க்காரி 'மயங்கினேன் சொல்லத் தயங்கினேன்'. நான் 'கொடியிலே மல்லியப்பூ'. எல்லோருக்கும் கடைசியாக, பதினொரு மணி வாக்கில், தூத்துக்குடிக்காரி 'தாலாட்டுதே வானம்' போட்டாள். ஐந்து பேர், ஐந்து பாட்டு, ஒன்றுகூடத் திரும்ப வரவில்லை.

அந்தக் குழு தொடங்கி ஏழு வருடம் இருக்கும். அதுவரைக்கும் அதில் வந்ததெல்லாம் காலை வணக்கப் படம், பிள்ளைகளின் பிறந்தநாள் கேக், எப்போதாவது ஒரு சேலை. 1993இல் திருச்சி கல்லூரி விடுதியில் ஒரே அறையில் மூன்று வருடம் படுத்து எழுந்தவர்கள் நாங்கள். பேச இவ்வளவுதானா இருக்கிறது என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு வருத்தம் இருந்துகொண்டே இருந்தது. மறுநாள் காலை மஸ்கட்காரி, "இன்னைக்கு என்ன பாட்டுடி?" என்று கேட்டாள். அன்றைக்குத் தொடங்கியது.

(பெயர் போடாமல் எழுதச் சம்மதம் வாங்கிக்கொண்டுதான் எழுதுகிறேன். ஊர்ப் பெயராலேயே கூப்பிடுகிறேன், விடுதியிலும் பாதி நாள் அப்படித்தான் கூப்பிட்டோம்.)

எப்படி விளையாடுகிறோம் என்று சொல்லிவிடுகிறேன், கேட்டவர்கள் நிறையப் பேர். காலை ஏழு மணிக்குள் ஒருத்தி கேள்வி போட வேண்டும். முறை வைத்து. இரவு பத்துக்குள் எல்லோரும் ஒரே ஒரு பாட்டு. இரண்டாவது பாட்டுக்கு அனுமதி இல்லை, என்னதான் கெஞ்சினாலும். பாட்டோடு ஏன் இந்தப் பாட்டு என்று எழுதினால் நல்லது, எழுதாவிட்டால் யாரும் துளைக்கக் கூடாது. மற்றவர்கள் போட்டதை முழுசாகக் கேட்காமல் இதயக்குறி போடக் கூடாது. இந்தக் கடைசி விதிதான் உயிர். நான் வங்கியில் வேலை முடிந்து திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு நான்கு பாட்டையும் கேட்டு முடித்துவிடுவேன்.

கேள்வியை நினைத்தபடி கேட்க முடியாது. முந்தின நாள் வந்த பாட்டுகளில் ஒன்றிலிருந்துதான் அடுத்த கேள்வி பிறக்க வேண்டும். இந்த விதிக்குக் காரணம் 'வசந்த கால நதிகளிலே'. 'மூன்று முடிச்சு' 1976இல் வந்த படம். ஒரு வரி முடிகிற சொல்லில் அடுத்த வரி தொடங்குகிற மாதிரி, அந்தாதியாகவே கண்ணதாசன் அந்தப் பாட்டை எழுதியிருக்கிறார். ஜெயச்சந்திரனும் வாணி ஜெயராமும் பாடிக்கொண்டே வருவார்கள். படகில் இருக்கிற மூவரில் ஒருவர் தண்ணீரில் விழுந்த பிறகு, மிச்சம் இருக்கிற வரிகளை எம்.எஸ்.விஸ்வநாதன் தன் குரலில் பாடுவார். அதுவரை மிதந்து வந்த பாட்டு அந்தக் குரல் வந்ததும் கல்லாகிவிடும். எத்தனையோ தடவை கேட்ட பாட்டுதான். அந்த ஜனவரி இரவில் மஸ்கட்காரி போட்ட பிறகுதான், மூன்றாவது குரல் வரும் இடத்தை நான் கவனித்துக் கேட்டேன். "நம்ம கேள்வியும் இதே மாதிரி ஒண்ணு முடியற எடத்துல இன்னொண்ணு தொடங்கட்டும்" என்றாள். அப்படியே ஆயிற்று.

பாட்டு பகிர்வது எங்களுக்குப் புதிதில்லை. கல்லூரி நாளில் மாதத்துக்கு ஒரு கேசட் பதிவோம். ஆளுக்கு இரண்டு மூன்று பாட்டு எழுதிக் கொடுக்க, அதை ஒரு வெள்ளைத்தாளில் பக்கம் 'ஏ', பக்கம் 'பி' என்று பிரித்து எழுதி, காலி கேசட்டோடு மியூசிக்கல்ஸ் கடையில் கொடுத்தால் இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். 60 நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு ஆறோ ஏழோ பாட்டுதான் பிடிக்கும். கணக்கு தப்பினால் கடைசிப் பாட்டு நடுவிலேயே அறுந்து போகும். 'சத்யா' படத்து 'வளையோசை' எங்கள் கேசட்டில் இரண்டாம் சரணத்தில் அறுந்தது. லதா மங்கேஷ்கர் பாடிக்கொண்டே இருக்கும்போது 'டக்' என்று பொத்தான் தெறிக்கும். இன்றைக்கும் செல்போனில் அந்தப் பாட்டை முழுசாகக் கேட்கும்போது அந்த இடத்தில் என் காது அந்தச் சத்தத்துக்காகக் காத்திருக்கிறது. இதை நான் ஒருநாள் எழுதியதும், மற்ற நாலு பேரும் தங்களுக்கும் அப்படித்தான் என்றார்கள். முப்பது வருடமாக ஐந்து ஊரில் ஐந்து பேர் ஒரே இடத்தில் ஒரு சத்தத்துக்குக் காத்திருந்திருக்கிறோம், ஒருத்திக்கொருத்தி தெரியாமல்.

அந்தக் கேசட்டுக்கும் இந்தக் கேள்விக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. கேசட்டில் எனக்குப் பிடித்ததை எழுதிக் கொடுத்தேன். என்ன பிடிக்கும் என்று கேட்டால் என்னிடம் பத்துப் பாட்டு தயாராக இருக்கும், எப்போதும் அதே பத்து. "ஒரே மெட்டுல ரெண்டு மனசு இருக்கற பாட்டு" என்று கேட்டால் அந்தப் பத்து உதவாது. தேட வேண்டும். அன்றைக்கு நான் போட்டது 'போறாளே பொன்னுத்தாயி'. 1994இல் பாரதிராஜாவின் 'கருத்தம்மா'. உன்னிமேனனும் சுஜாதாவும் அதைச் சந்தோஷமாகப் பாடுவார்கள். அதே மெட்டைச் சொர்ணலதா தனியாகப் பாடும்போது வேறு பாட்டாகிவிடும். கோவைக்காரி சந்தோஷமான வடிவம்தான் மெட்டின் உண்மையான முகம், மற்றது அழவைக்க எழுதியது என்றாள். எனக்குக் கோபமே வந்துவிட்டது. சொர்ணலதா அந்தப் பாட்டில் அழவே மாட்டார். அழுது முடித்த பிறகு வருமே ஒரு குரல், அதில் பாடுவார். அதற்குத்தான் தேசிய விருது கிடைத்தது. 2010 செப்டம்பரில் அவர் போனபோது வயது 37. அன்று இரவு அந்த இரண்டு வடிவத்தையும் மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டுத் தூங்கினேன். கோவைக்காரி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

என் மகனுக்குப் பத்தொன்பது வயது. "சும்மா ஒரு லிஸ்ட் போட்டு ஷேர் பண்ணா போதுமேம்மா" என்றான். ஐம்பது பாட்டை ஒன்றாகக் கொடுத்தால் ஒன்றைக்கூட யாரும் கேட்க மாட்டார்கள் என்று அவனுக்கு எப்படிச் சொல்வது? ஒன்று கொடுத்தால் கேட்பார்கள். நாளைக்கும் ஒன்று வரும் என்று தெரிந்தால் இன்றைக்கு உள்ளதைக் கேட்டே ஆக வேண்டும்.

இனி தூத்துக்குடிக்காரி. இந்தப் பதிவே அவளுக்காகத்தான்.

அவள் இப்போது ஓசூரில் இருக்கிறாள். எங்களில் பேச்சு குறைவு. பாட்டுப் போடுவாள், காரணம் எழுத மாட்டாள். ஆறாம் நாள் கேள்வி 'மழை'. கோவைக்காரி 'வான் மேகம்', தஞ்சாவூர்க்காரி 'ஓஹோ மேகம் வந்ததோ', மஸ்கட்காரி 'மேகம் கொட்டட்டும்', நான் 'என் மேல் விழுந்த மழைத்துளியே'. அவள் மட்டும் அன்று எதுவும் போடவில்லை. வேலை இருந்திருக்கும் என்று விட்டுவிட்டோம்.

இருபத்து மூன்றாம் நாள் தஞ்சாவூர்க்காரி, 'பாசமலர்' படத்து 'மலர்ந்தும் மலராத' போட்டு, தன் அம்மா தொட்டிலை ஆட்டிக்கொண்டு பாடுவதை எழுதியிருந்தாள். அதிலிருந்து மறுநாள் கேள்வி எடுத்தாள் கோவைக்காரி: "உங்க வீட்ல யாராவது தனியா இருக்கும்போது முணுமுணுத்த பாட்டு எது?"

பகல் முழுக்க எல்லோரும் போட்டோம். இரவு ஒன்பதரைக்குத் தூத்துக்குடிக்காரியிடமிருந்து 'காற்று வாங்கப் போனேன்'. 1965இல் வந்த 'கலங்கரை விளக்கம்', டி.எம்.சௌந்தரராஜன் குரல். கீழே ஒரு குரல் பதிவு. நான்கு நிமிடம் சொச்சம்.

அவள் அப்பா உப்பளத்தில் பாத்தியில் உப்பு வாருகிற வேலை பார்த்தவர். அது எங்களுக்குத் தெரியும். தெரியாததை அவள் குரலிலேயே சொல்கிறேன். "தை மாசிலேர்ந்து பொரட்டாசி வரைக்கும்தான் வேலை. ஐப்பசில மழை விழுந்துட்டா பாத்தியெல்லாம் தண்ணி, அளத்துல சோலி கெடையாது. வட்டிக்கு வாங்கித்தான் சாப்பாடு. சனிக்கெழம சாயந்தரம் வட்டிக்காரரு வருவாரு. அப்பா அதுக்கு முன்னாடியே சட்டைய மாட்டிக்கிட்டு, 'காத்து வாங்கிட்டு வாரேன்'னு சொல்லிட்டுக் கெளம்பிருவாவ. போம்போது இந்தப் பாட்டப் பாடிக்கிட்டே போவாவ. நல்லா பாடுவாவ. எங்கப்பாவுக்குக் கடற்கரைன்னா அவ்ளோ ஆசைன்னு நான் நெனச்சிக்கிட்டு இருந்தேன். அம்மாதான் வாசல்ல நின்னு அந்தாளுக்குப் பதில் சொல்லுவாவ."

பிறகு கொஞ்ச நேரம் பதிவில் எதுவும் இல்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும். "காலேஜ்ல ரெண்டாம் வருசம் அப்பா போயிட்டாவ. நான் திரும்பி வந்தப்ப நம்ம ரூம்ல அந்த டூ இன் ஒன்ல யாரோ பழைய பாட்டு கேசட் போட்டீங்க. இந்தப் பாட்டு வந்துச்சு. எந்திரிச்சு வெளிய போயிட்டேன். ஏட்டி, நீங்க யாரும் தப்பா நெனக்காதீங்க. இப்பதான் சொல்லணும்னு தோணிச்சு."

அந்தக் கேசட்டைப் போட்டவள் நான். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவள் எழுந்து போனதைப் பார்த்து, "உனக்கு ரசனையே கிடையாதுடி" என்று முதுகுக்குப் பின்னால் கத்தினேன். அதற்குப் பிறகும், டிகிரி முடிகிற வரைக்கும், "அவளுக்குப் பழைய பாட்டு பிடிக்காது" என்று நானே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவள் ஒரு தடவைகூட மறுக்கவில்லை.

அப்பா இறந்து திரும்பி வந்தவளிடம் நாங்கள் என்ன பேசினோம் என்று யோசித்துப் பார்க்கிறேன். சாப்பிட்டாயா என்று கேட்டிருப்போம். நோட்ஸ் எழுதிக் கொடுத்தோம். எங்களுக்கு வயது பத்தொன்பது, அதற்கு மேல் கேட்கத் தெரியவில்லை. கேட்டிருந்தாலும் அவள் சொல்லியிருப்பாளா தெரியாது. நேருக்கு நேர் "உங்கப்பா எப்படிப்பட்டவர்?" என்றால் "நல்லவரு" என்றிருப்பாள். யார் என்ன பாட்டை முணுமுணுத்தார்கள் என்று பக்கவாட்டில் ஒரு கேள்வி வந்தபோது உப்பளமும் வட்டிக்காரரும் வாசலில் நின்ற அம்மாவும் சேர்ந்தே வந்துவிட்டார்கள்.

அன்று இரவு அவளைக் கூப்பிட்டேன். மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் வுடுட்டி" என்றாள். அப்புறம், "அந்தப் பாட்ட நானும் இத்தன வருசம் கழிச்சு இன்னைக்குத்தான் முழுசா கேட்டேன். பாட்டு சந்தோசமான பாட்டுதான், தெரியுமா?" என்றாள். ஆமாம் என்றேன். அது காதல் பாட்டு. கவலையே இல்லாதவன் பாடுகிற மாதிரி டி.எம்.எஸ். காற்றோடு நடந்துகொண்டே பாடுவார். சனிக்கிழமைகளில் அவள் அப்பாவுக்கு அந்த நடைதான் வேண்டியிருந்திருக்கிறது போல.

ஆறாம் நாள் அவள் ஏன் மழைப் பாட்டு போடவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. நாங்கள் நால்வர் போட்டதும் மழையை ஆசையாகப் பாடுகிற பாட்டுகள். வானம் கறுத்தால் எங்கள் வீடுகளில் பஜ்ஜி போட்டார்கள்.

அவளிடம் பேசியபின் எண்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். தேதி, கேள்வி, ஐந்து பாட்டு, யார் என்ன சொன்னார்கள் என்று எழுதி வைக்கிறேன். செல்போன் மாறினால் குரல் பதிவெல்லாம் போய்விடும் என்ற பயம். விட்டுப்போன நாட்களையும் மேலே தேடித் தேடி எழுதிவிட்டேன். நடுவில் இரண்டு முறை நின்றது. தஞ்சாவூர்க்காரியின் மாமியார் மருத்துவமனையில் இருந்தபோது மூன்று வாரம், மஸ்கட்காரி விடுமுறைக்கு வந்தபோது பத்து நாள். திரும்பத் தொடங்குவதற்கு யாரும் யாரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை.

இன்றைக்குக் கேள்வி போடுகிற முறை தூத்துக்குடிக்காரியுடையது. ஐப்பசி பிறந்துவிட்டது. தூத்துக்குடியில் நேற்றே நல்ல மழை என்று அவள் தம்பி சொன்னானாம். காலை ஆறரைக்கே கேள்வி வந்துவிட்டது. ஒரே சொல்: 'மழை'.

"இது ஆறாம் நாளே வந்துடுச்சேடி" என்று கோவைக்காரி எழுதினாள். "நான் அன்னைக்குப் போடலல்லா" என்று பதில் வந்தது. "நீங்க மொதல்ல போடுங்க. நான் யோசிச்சிக்கிட்டு இருக்கேன்."

நாங்கள் நால்வரும் போட்டுவிட்டோம். இந்த முறை நால்வரும் வேறு பாட்டு. இதை எழுதும்போது மணி ஒன்பதே முக்கால். குழுவில் அவள் பெயரோடு 'டைப் செய்கிறார்' என்று வருகிறது, மறைகிறது, மறுபடி வருகிறது.