கண்ணில் டியூப் வைத்த பிறகு வரும் ஆறு வாரம்

க்ளாக்கோமாவுக்கு, அதாவது கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பைக் கெடுக்கும் நோய்க்கு, நீர் வடிய டியூப் வைக்கச் சொல்லியிருந்தால், ஆபரேஷனை நினைத்துப் பயப்படாதீர்கள். அதற்குப் பின்னால் வரும் ஐந்தாறு வாரம்தான் மனதை அலைக்கழிக்கும். அது ஏன் என்று தெரிந்துகொண்டு போனால் பாதி பயம் போய்விடும்.

குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓட்டுகிறேன். என் வலது கண்ணில் ஏற்கெனவே டிராபெக்குலெக்டமி செய்திருந்தார்கள். கண்ணுக்குள் ஊறும் நீர் வடிய வெள்ளைவிழியில் ஒரு வழி திறந்துவிடுவது அது. கொஞ்ச காலம் கழித்துத் தழும்பு கட்டி அந்த வழி அடைந்துபோனது. 10 முதல் 21 வரை இருக்க வேண்டிய அழுத்தம், சொட்டு மருந்துகள் போட்டும் 30-க்குக் கீழே இறங்கவில்லை.

சென்னைக்குப் போ என்றார்கள் உறவுக்காரர்கள். வடநாட்டிலிருந்தெல்லாம் காட்பாடியில் வந்து இறங்கி வைத்தியம் பார்க்கிற ஊர் வேலூர்; நான் ஏன் போக வேண்டும்? தவிர, இந்த ஆபரேஷனுக்குப் பிறகு அடிக்கடி அழுத்தம் பார்க்க வேண்டும். பஸ்ஸில் போய் வரும் தூரத்தில் ஆஸ்பத்திரி இருப்பது பெரிய விஷயம்.

எனக்கு வைத்தது மதுரை ஆரோலேப் தயாரிக்கும் ஆடி இம்ப்ளான்ட். மெல்லிய சிலிக்கான் குழாயும் அதோடு சேர்ந்த ஒரு தட்டும்தான். தட்டு மேல்இமைக்குள் வெள்ளைவிழி மேல் உட்காரும், குழாயின் நுனி கண்ணுக்குள் போகும். குழாய் அரித்து வெளியே வராமல் இருக்க, தானமாக வந்த கண்ணிலிருந்து ஒரு துண்டு வெள்ளைவிழியை மேலே வைத்துத் தைத்தார்கள். முகம் தெரியாத அந்த மனிதரின் குடும்பத்துக்கு என் நன்றி எப்போதும் உண்டு.

சீட்டில் மைட்டோமைசின் என்று இருந்தது. மருந்துக்கடைத் தம்பி, "இது கேன்சர் மருந்தாச்சேண்ணா" என்றதும் என் மனைவி அழுதுவிட்டாள். டாக்டர் பொறுமையாக விளக்கினார். செல்கள் பெருகுவதைத் தடுக்கும் மருந்து அது. தட்டு வைக்கிற இடத்தில் பஞ்சில் நனைத்துச் சில நிமிடம் வைத்து, நன்றாகக் கழுவிவிடுவார்கள். தழும்பு தடிப்பதைக் குறைக்கத்தான். டியூப் ஆபரேஷனில் எல்லா டாக்டர்களும் இதைப் போடுவதில்லை. எனக்கு ஒருமுறை தழும்பு கட்டியதால் போட்டார்.

மரத்துப்போக ஊசி போட்டதால் ஆபரேஷனில் வலி தெரியவில்லை. அடுத்த வாரம் அழுத்தம் பார்த்தால் பழையபடியே! உடைந்துபோனேன். அப்புறம் ஒரு சிஸ்டர்தான் புரியவைத்தார். இந்த இம்ப்ளான்டில் வால்வு கிடையாது. உடனே திறந்துவிட்டால் நீர் மொத்தமாக வடிந்து கண் தொய்ந்துவிடும். அதனால் தானாகக் கரையும் நூலால் குழாயைக் கட்டிவிடுகிறார்கள். தட்டைச் சுற்றி ஒரு உறை உருவான பிறகு, ஐந்தாறு வாரத்தில் நூல் கரைந்து குழாய் திறக்கும். அதுவரை பழைய சொட்டு மருந்தை நிறுத்தவே கூடாது.

திறந்த அன்று பார்வை திடீரென்று மங்கியது. அன்றே ஓடினேன், அழுத்தம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியிருந்தது. சொட்டு மருந்தை மாற்றித் தந்தார்கள், மெல்ல மெல்லச் சரியானது. மங்கல், வலி, சிவப்பு, பீளை எது வந்தாலும் மறுநாளுக்குத் தள்ளாதீர்கள்.

இப்போது ஒரே சொட்டு மருந்தில் 14 நிற்கிறது. போன ஓரப் பார்வை திரும்பவில்லை, திரும்பாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். கூடப்பிறந்தவர்களுக்கும் வரலாம் என்பதால் என் தங்கையைக் கூட்டிப்போய்ச் சோதித்தேன். அவளுக்கு ஆரம்ப நிலை, சொட்டு மருந்து தொடங்கியாயிற்று.