சின்னக் கோளரங்கம் போதும், நேரில் பேச ஒருவர் இருந்தால்

பள்ளிக் குழுவுக்கோ குடும்பத்துக்கோ கோளரங்கம் தேடுகிறவர்கள் முதலில் விசாரிப்பது திரை எவ்வளவு பெரியது, எத்தனை புரொஜெக்டர், முப்பரிமாணம் உண்டா என்பதைத்தான். நான் விசாரிப்பது வேறு. காட்சியை ஒருவர் நேரில் நின்று பேசி நடத்துகிறாரா, இல்லை பதிவு செய்த படத்தை ஓட விடுகிறார்களா? கட்டணம் குறைவாக இருக்கும் சின்ன அரங்கம், ஆனால் பேச ஆள் இருக்கிறார் என்றால் யோசிக்காமல் அங்கேதான் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போவேன்.

படங்கள் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. கருந்துளை, விண்மீன் மண்டலங்கள் மோதிக்கொள்வது, சனியின் வளையத்துக்குள் புகுந்து வெளியே வருவது எல்லாம் குவிமாடத் திரையில் பார்க்க அருமையாகத்தான் இருக்கும். ஐரோப்பியத் தெற்கு வானாய்வகம் போன்ற அமைப்புகள் இப்படிப்பட்ட படங்களைக் கோளரங்கங்களுக்கு இலவசமாகவே தருகின்றன, அதனால் படம் என்றாலே டிக்கெட் விலை ஏறியாக வேண்டும் என்றும் இல்லை. ஆனால் படம் யாருக்காகவும் நிற்காது. எட்டு வயதுக் குழந்தைக்கு ஒரு கேள்வி வந்தால் அது வந்த நொடியில் பதில் வேண்டும், அரைமணி கழித்து அந்தக் கேள்வி அதன் கையில் இருக்காது.

ஒரு காட்சியில் நடந்ததைச் சொல்கிறேன். நடத்தியவர் மாலை வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தார், முன் வரிசையில் ஒரு பெண் குழந்தை "பகல்ல இதெல்லாம் எங்க போகும்?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டது. அவர் பதிலே சொல்லவில்லை. வானத்தைச் சுழற்றி நண்பகலுக்குக் கொண்டுபோனார், தலைக்கு மேலே சூரியன், சுற்றிலும் நீலம். "இப்போ காத்தை மட்டும் எடுத்துடறேன், பாருங்க" என்றார். நீலம் மறைந்தது. சூரியன் அதே இடத்தில், அதைச் சுற்றிக் கறுப்பு வானத்தில் விண்மீன்கள்! பிள்ளைகள் கத்திய கத்தலில் ஆசிரியர் எழுந்து நின்றுவிட்டார். அப்புறம் சூரியன் எந்த விண்மீன் கூட்டத்துக்கு முன்னால் நிற்கிறது என்று கேட்டு, மாதம் மாதமாக நகர்த்தினார். சூரியன் ஒவ்வொரு ராசியாகத் தாண்டிப் போவதை, ராசி என்ற சொல்லைக்கூடச் சொல்லாமல், அந்தப் பிள்ளைகள் கண்ணால் பார்த்தார்கள். இதற்குத் தேவைப்பட்டது விலையுயர்ந்த படம் அல்ல, கேள்வியைக் காதில் வாங்கிய ஒரு மனிதர்.

இதே வித்தையை வீட்டிலும் செய்து பார்க்கலாம். ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளைக் கணினியில் இறக்கிக்கொண்டு 'ஏ' விசையை அழுத்தினால் காற்றுமண்டலம் போய்விடும். ஆனால் தட்டைத் திரையில் பார்ப்பதும் குவிமாடத்தின் கீழ் உட்கார்ந்து பார்ப்பதும் ஒன்றில்லை. வானம் நம்மைச் சுற்றி இருக்கிறது, கிழக்கில் எழுவதைப் பார்க்க ஒரு பக்கமும் மேற்கில் மறைவதைப் பார்க்க மறுபக்கமும் தலையைத் திருப்ப வேண்டும், அந்தத் திருப்பலில்தான் திசை மனதில் பதிகிறது. வட துருவத்துக்குப் போனால் துருவ விண்மீன் உச்சந்தலைக்கு மேலே நிற்கும், நிலநடுக்கோட்டுக்கு வந்தால் அடிவானத்தில் படுத்துவிடும், இடையில் எங்கே இருந்தாலும் அதன் உயரக் கோணம் ஏறக்குறைய அந்த இடத்தின் அட்சரேகை. பாடப்புத்தகத்தில் படம் போட்டும் புரியாத இந்த விஷயம் குவிமாடத்தில் இரண்டு நிமிடத்தில் புரியும்.

பெரிய செலவு இல்லாமல் வானம் காட்டுவது புதிய ஆசை ஒன்றும் இல்லை. இன்றைய பாணியிலான முதல் கோளரங்கக் கருவியை ஜெர்மனியின் ட்சைஸ் நிறுவனத்தில் வால்டர் பாவர்ஸ்ஃபெல்ட் உருவாக்கினார், 1923 அக்டோபரில் மியூனிக்கின் டாய்ச்சஸ் அருங்காட்சியகத்தில் அது முதன்முதலாகக் காட்டப்பட்டது. அற்புதமான கருவிதான், ஆனால் பெரிய நகரங்களும் பெரும் புரவலர்களும் மட்டுமே வாங்க முடிந்தது. ஃபிலடெல்ஃபியாவில் கோளரங்க விரிவுரையாளராக இருந்த ஆர்மண்ட் ஸ்பிட்ஸுக்கு இது உறுத்தியது. லென்ஸ் வில்லைகளை எல்லாம் விட்டுவிட்டு, பன்னிரண்டு முகம் கொண்ட ஒரு பெட்டியில் ஊசித் துளைகள் போட்டு, உள்ளே ஒரு விளக்கை வைத்தார். 1947இல் வந்த அந்தக் கருவியின் விலை ஏறக்குறைய 500 டாலர். பள்ளிகளும் கல்லூரிகளும் சின்ன அருங்காட்சியகங்களும் கோளரங்கம் வைத்துக்கொள்ள வழி பிறந்தது அந்தத் துளை போட்ட பெட்டியால்தான், அந்த மனிதர்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. 1970களில் ஃபிலிப் சாட்லர் என்பவர் காற்றடைத்து நிமிர்த்தும் குவிமாடத்தைக் கொண்டுவந்தார், கோளரங்கமே மூட்டையாகக் கட்டிப் பள்ளிக்கு வர ஆரம்பித்தது. பின்னாளில் ஆஸ்திரேலியாவில் பால் போர்க் என்பவர், ஒரு சாதாரணப் புரொஜெக்டரின் ஒளியைக் கோள வடிவக் கண்ணாடியில் பட்டுத் தெறிக்க வைத்துக் குவிமாடம் முழுவதையும் நிரப்பும் வழியைக் காட்டினார். இன்றைக்குப் பல நடமாடும் கோளரங்கங்கள் ஓடுவது இந்த முறையில்தான்.

பள்ளிகளுக்கு நான் முதலில் சொல்வது இந்த நடமாடும் கோளரங்கத்தைத்தான். பேருந்து வாடகை மிச்சம், பயண நேரம் மிச்சம். ஐந்து மீட்டர் அகலக் கூடாரத்தில் ஒரு தடவைக்கு ஒரு வகுப்புப் பிள்ளைகள் தரையில் உட்காரலாம். கூடாரத்தைக் கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் நாள் கணக்கில் கட்டணம் வாங்குவார்கள், அதனால் அந்த நாளின் எல்லாக் காட்சிகளையும் நிரப்புவதில்தான் சிக்கனம் இருக்கிறது: காலையில் வகுப்பு வகுப்பாக மாணவர்கள், மாலையில் பெற்றோர், தாத்தா பாட்டி, பள்ளிக்கு இன்னும் வராத தம்பி தங்கைகள். தலைக்குக் கணக்குப் போட்டால் செலவு சடாரென்று இறங்கும். இடம் மட்டும் முன்கூட்டிப் பார்த்து வையுங்கள். தரை சமமாக இருக்க வேண்டும், கூரை மூன்றரை மீட்டராவது உயரம் வேண்டும், மின்விசிறியோ விளக்கோ கீழே தொங்கக் கூடாது. கூடாரத்தை நிமிர்த்தி வைத்திருப்பது ஓயாமல் ஓடும் ஒரு காற்றூதிதான், எனவே பக்கத்தில் நம்பகமான மின் இணைப்பு வேண்டும். மின்சாரம் போனால் துணி மெல்லத்தான் தொய்யும், பதற வேண்டாம் என்று பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நிரந்தரக் கோளரங்கத்துக்குப் போவதாக இருந்தால், நடுவில் எறும்புத் தலைபோல, விண்மீன்களைக் குவிமாடத்தில் காட்டும் உருண்டைக் கருவி நிற்கும் பழைய அரங்கத்தைப் பழசு என்று ஒதுக்காதீர்கள். நல்ல பராமரிப்பில் இருந்தால் அது காட்டும் விண்மீன்கள் ஊசி முனைபோல் கூர்மை, வானம் நிஜமாகவே கறுப்பு. பல டிஜிட்டல் புரொஜெக்டர்களில் கறுப்பு என்பது வெறும் சாம்பல். பூமியை விட்டு வெளியே பறக்க அந்தப் பழைய கருவியால் முடியாது, அது உண்மைதான், ஆனால் முதல் தடவை வரும் குழந்தைக்கு நம் தலைக்கு மேல் இருக்கும் வானமே போதும்.

சின்னக் குழந்தைகளோடு போகிறவர்கள் கதவுப் பக்கம் உட்காருங்கள், ஐந்து வயதுக்குக் கீழே என்றால் குறுகிய காட்சியாகப் பாருங்கள். சில இடங்களில் விளக்கை முழுக்க அணைக்காமல், ஒலியைக் குறைத்து நடத்தும் காட்சிகளும் உண்டு, இருட்டுக்கும் சத்தத்துக்கும் மிரளும் பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி. படம் சுழலும்போது தலை சுற்றினால் கண்ணைக் கொஞ்ச நேரம் மூடினால் சரியாகிவிடும். கைப்பேசி வேண்டவே வேண்டாம். கண் முழுமையாக இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் பிடிக்கும், ஒருவர் திரையைத் திறந்தால் அந்த வரிசைக்கே மங்கலான விண்மீன்கள் போய்விடும்.

நாள் குறிக்கும்போது, முடிந்தால் அமாவாசை கழிந்து மூன்று நான்கு நாளில் வருமாறு பாருங்கள். அன்று மாலையே மேற்கில் பிறை தெரியும், அரங்கத்தில் பார்த்ததைப் பிள்ளைகள் வீட்டு வாசலில் நின்று காட்டலாம். "இன்றிரவு எங்கள் வானத்தில் தேட இரண்டு பொருள் சொல்லி அனுப்புங்கள்" என்று நடத்துபவரிடம் முன்பதிவின்போதே கேட்டு வையுங்கள், நல்லவர் என்றால் சந்தோஷமாகச் செய்வார். காட்சி முடிந்து கேள்விக்குப் பத்து நிமிடம் கிடைக்குமா என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். அடுத்த குழு வாசலில் காத்திருக்கிறது, நேரமில்லை என்றால் அன்றைய கடைசிக் காட்சியைக் கேட்டு வாங்குங்கள்.