பக்கவாத்தியத்துக்குப் புளிசாதம்

சனிக்கிழமை காலை எட்டரைக்கே சின்னதைக் கிளப்பி, வயலின், வில்லுக்குப் பூசும் ரோசின், உபரியாக ஒரு ஈ தந்தி, அம்மாவின் புளிசாத டப்பா எல்லாம் ஏற்றிக்கொண்டு நியூஜெர்சி எடிசனிலிருந்து கிளம்பினோம். "போட்டிக்கு எதுக்கும்மா புளிசாதம்?" "கச்சேரிக்குப் போறவ வெறுங்கையோட போவாளா?" எங்கள் வீட்டு ஐயா வழக்கம்போல பார்க்கிங் தேடப் போனவர், மகள் வாசித்து முடித்த பிறகுதான் உள்ளே வந்தார்.

யூத் ஆர்கெஸ்ட்ராவின் கன்செர்ட்டோ (ஒரு தனி வாத்தியத்துக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்குமான உருப்படி) போட்டி. ஜெயித்தால் மொத்த ஆர்கெஸ்ட்ராவும் பின்னால் உட்கார்ந்திருக்க, முன்னால் நின்று வாசிக்கலாம். பதினோரு பிள்ளைகள். அதில் ஏழு வயலின். ஏழில் நாலு மெண்டல்சன், அந்த ஜெர்மன்காரரின் வயலின் கன்செர்ட்டோ. 1845-ல் லைப்ஸிக்கில் அரங்கேறிய அன்றைக்குக்கூட அதை இத்தனை தடவை கேட்டிருக்க மாட்டார்கள். வீட்டில் எட்டு மாதமாகக் கேட்டது தனிக் கணக்கு. எங்கள் மிக்ஸியே இப்போது அதன் ஈ மைனர் சுருதியில்தான் சுற்றுகிறது.

மெண்டல்சனில் ஒரு வசதி. பல கன்செர்ட்டோக்களில் ஆர்கெஸ்ட்ரா நீட்டி முழக்கிவிட்டுத்தான் வயலினுக்கு வழிவிடும். இதில் ஒன்றரை பார் (நம் ஆவர்த்தனம் மாதிரி) போவதற்குள் வயலின் உள்ளே வந்துவிடும். "எடுப்பு நல்லாருக்கு. கீரவாணி ராகமா?" என்றாள் அம்மா. மூன்றாவது மெண்டல்சன் வரும்போது, "கீரவாணில கிளம்பி ஊரெல்லாம் சுத்திட்டு வருது" என்று திருத்திக்கொண்டாள். தொடையில் ஆதி தாளம் நிற்கவேயில்லை. நடுவர் ஒருவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். அம்மாவின் கையைப் பிடித்தேன். தாளம் காலுக்குப் போய்விட்டது.

நாலாவது மெண்டல்சன் எங்கள் சின்னது. கடென்ஸாவில், அதாவது ஆர்கெஸ்ட்ரா ஓய்ந்து வயலின் மட்டும் தனியாக வாசிக்கும் பகுதியில், வில் நாலு தந்தியிலும் துள்ளிக்கொண்டு போகிற இடம், அவள் கதவைச் சாத்திக்கொண்டு அழுத இடம், அன்றைக்கு வெண்ணெயாய்ப் போனது. அம்மா "சபாஷ்" என்று வாயெடுக்க, நான் முந்திக்கொண்டு இருமினேன். இரண்டில் எது மேல் என்று இன்னும் தெரியவில்லை.

வெளியே வந்து, "ஒரு தப்புகூட இல்லடி!" என்று கட்டிப்பிடித்தேன். அம்மா என் காதில், "ரெண்டு ஆவர்த்தனத்த முழுங்கிட்டா உன் மவ. அந்தப் பியானோத் தம்பிதான் கூடவே தாவித் தூக்கி நிறுத்திச்சு" என்றாள். சின்னது முகம் சிவந்துபோய், "யாருக்கும் தெரியலன்னு நினைச்சேன் அம்மாச்சி."

அந்தத் தம்பிக்கு ஐம்பது வயதிருக்கும். பதினோரு பேரில் எட்டுப் பேருக்கு அவர்தான் ஆர்கெஸ்ட்ரா. பித்தளைக் குழல், மரக்குழல், முரசு எல்லாம் அந்தப் பத்து விரலுக்குள். நாலு மெண்டல்சன், நாலு வேகம். பிள்ளைகள் குனிந்து வணங்கிக் கைதட்டு வாங்கும்போது அவர் அடுத்த நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். நிகழ்ச்சித் தாளில் அவர் பெயர் கடைசி வரியில். அம்மா அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"அப்பா பேரயும் நோட்டீஸ்ல இப்படித்தான் போடுவாங்க. நாயனக்காரர் பேரு தேங்கா சைசு, தவிலு கடுகு."

பரிசு, டூபா என்கிற பெரிய பித்தளைக் குழல் வாசித்த பையனுக்கு. வான் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேய இசையமைப்பாளர் 1954-ல் டூபாவுக்கென்றே ஒரு கன்செர்ட்டோ எழுதி வைத்திருக்கிறாராம். ஏழு வயலின்காரர்களின் அம்மாக்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். காரில் ஏறியதும் சின்னது, "டூபா என்ன விலைப்பா?" என்றது. ஐயா பதில் சொல்லாமல் டிக்கியைத் திரும்பிப் பார்த்தார்.

பரிசு அறிவித்தபோது அம்மா கூட்டத்திலேயே இல்லை. மேடையோரம் அந்தப் பியானோக்காரருக்கு டப்பாவைத் திறந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். மனிதர் நின்றபடியே சாப்பிட்டார். "காரமா இருக்கா தம்பி?" என்று தமிழிலேயே கேட்டாள். கண்ணில் தண்ணீர் வழிய இல்லை இல்லை என்று தலையாட்டினார். மீதியை நீயே வச்சுக்க என்று மூடியை அழுத்தி அவர் பையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

ஆறு டப்பா செட்டு அது. இப்போது ஐந்து.